நடிகர் திலகமும் அவர் ரசிகர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவாஜி கணேசன் மறைந்து இருபதாண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய ரசிகர்கள் கலைந்துபோய்விடவில்லை. அவரது படம் ஏதேனும் ஒரு திரையரங்கில் போடப்பட்டால் அதன் வாசலில் தோரணம் கட்டுவதற்கு இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த ரசிகர்களைப் பற்றியும், அவர்கள் அவரை நினைவுகூரும் முறை பற்றியும், பெரும்பாலும் இளைய தலைமுறையினரிடமிருந்து வரும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

ரசிகர்கள் அவரை எந்தெந்த நாட்களில் நினைவுகூர்கிறார்கள்?

இரண்டு நாட்கள் எல்லோருக்கும் பொதுவானவை. முதலாவது அக்டோபர் 1, அவர் பிறந்த நாள். அவர் 1928-இல் பிறந்தார் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அந்த நாளைத் தமிழக அரசும் அரசு விழாவாகக் கொண்டாடுகிறது. அவர் மறைந்த 2001-ஆம் ஆண்டின் அதே அக்டோபர் 1-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2021-இல் அதே நாளில் கூகுள் தன் முகப்புப் பக்கத்தில் அவரது ஓவியத்தை இட்டது. இரண்டாவது ஜூலை 21. 2001-ஆம் ஆண்டில் அந்நாள் இரவு சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் அவர் காலமானார். பெசன்ட் நகர் மின்மயானத்தில் இறுதிச் சடங்கு நடந்தது.

மூன்றாவதாக ஒரு நாள் உண்டு. அதை மூத்த ரசிகர்களே பெரிதாகக் கருதுகிறார்கள். 1952 அக்டோபர் 17, தீபாவளி நாளில், ‘பராசக்தி’ வெளியானது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்க, மு. கருணாநிதி வசனம் எழுதிய அந்தப் படத்தோடுதான் வி.சி. கணேசன் என்ற நாடக நடிகர் ஒரே நாளில் நாடறிந்த நட்சத்திரம் ஆனார். மதுரை ரசிகர்கள் இந்த நாளைச் சொல்லும்போது தங்கம் திரையரங்கையும் சேர்த்தே சொல்வார்கள், ஏனெனில் அந்தப் பிரம்மாண்டமான அரங்கில் திரையிடப்பட்ட முதல் படம் அதுவே. அந்த அரங்கு இன்று இல்லை.

நினைவு நாளன்று உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது மாலை, பேனர், அன்னதானம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், ரத்ததான முகாம் ஆகியவையே. இவை எந்த நடிகரின் மன்றமும் செய்யக்கூடியவை. இவற்றில் சிவாஜி ரசிகர்களுக்கே உரியதென்று எதுவும் இல்லை.

அவர்களுக்கே உரியது, மாலை போட்டு முடிந்தபின் தொடங்கும் பேச்சு. மன்றப் பலகையின் கீழோ, டீக்கடை பெஞ்சிலோ நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒரு படத்தின் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் ‘அண்ணன்’ புருவத்தை எங்கே உயர்த்தினார், எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சை நிறுத்தினார், தோளில் கிடந்த துண்டை எந்தக் கையால் எடுத்தார் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்த நுணுக்கப் பார்வையை எந்தத் திரைப்படக் கல்லூரியும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. ஒரே படத்தை இருபது முறை பார்த்ததால் வந்தது அது. அவருக்குச் செய்யப்படும் மரியாதைகளிலேயே இதுதான் உயர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் நடிகரிடம் அவரது நடிப்பைப் பற்றி மட்டுமே பேசும் மரியாதை அது.

2012-இல் ‘கர்ணன்’ மீண்டும் வெளியானபோது என்ன நடந்தது? அதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

பி.ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ 1964 பொங்கலன்று வெளியானது. அன்றே எம்.ஜி.ஆர். நடித்த ‘வேட்டைக்காரன்’ படமும் வெளிவந்தது. பெரும் பொருட்செலவில் வண்ணத்தில் எடுக்கப்பட்ட ‘கர்ணன்’, செலவுக்கும் எதிர்பார்ப்புக்கும் ஏற்ற வெற்றியை அப்போது பெறவில்லை என்ற பேச்சு, ரசிகர்களின் நெஞ்சில் பல பத்தாண்டுகளாக முள்ளாகக் கிடந்தது.

2012 மார்ச் 16 அன்று, படமும் ஒலியும் டிஜிட்டல் முறையில் செப்பனிடப்பட்டு, தமிழகம் முழுவதும் ‘கர்ணன்’ மறுபடியும் திரைக்கு வந்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகள் பழைய படம் ஒரு வாரம் தாங்கினாலே போதும் என்று நினைத்தவர்களே அதிகம். அது நூறு நாட்களைக் கடந்து ஓடியது. பழைய ஒற்றைத்திரை அரங்குகளில் மட்டுமல்லாமல், சென்னையின் வணிக வளாகங்களில் இருக்கும் பலதிரை அரங்குகளிலும் ஓடியது என்பதுதான் திரைத்தொழிலில் இருந்தவர்களை வியக்கவைத்தது. முதியவர்கள் பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கவச குண்டலங்களை அறுத்துக் கொடுக்கும் இடத்திலும், போர்க்களத்தில் வீழ்ந்துகிடக்கும் கர்ணனிடம் கண்ணன் வந்து நிற்கும் இடத்திலும், சீர்காழி கோவிந்தராஜனின் குரல் எழும்போது அரங்கம் அடங்கிப்போனது.

இதற்குப் பக்தி மட்டும் காரணம் அல்ல, தொழில்நுட்பமும் ஒரு காரணம் என்பதைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் பழைய படங்களை அரங்கில் பார்த்தவர்களுக்கு, தேய்ந்துபோன பிரதியும், மழை பெய்வதுபோல் கோடு விழுந்த திரையும், பாதியில் அறுந்து தாவும் வசனமுமே கிடைத்தன. பிறகு அரங்குகள் டிஜிட்டலுக்கு மாறியதும் ஃபிலிம் சுருள் ஓட்டும் கருவிகளே அகற்றப்பட்டுவிட்டன. பழைய பிரதி வைத்திருந்தவர்களுக்கும் அதைப் போட்டுக் காட்ட இடம் இல்லாமல் போனது. அந்த நேரத்தில் செப்பனிடப்பட்டு வந்த ‘கர்ணன்’, பழைய படங்களுக்கு வேறொரு வாசலைத் திறந்துவிட்டது. ‘திருவிளையாடல்’, ‘பாசமலர்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘வசந்த மாளிகை’ ஆகியவை அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே வழியில் வந்தன. எல்லாமே ‘கர்ணன்’ அளவுக்கு ஓடிவிடவில்லை. ஒவ்வொன்றும் திரைக்கு வந்ததே லாபம்.

நாள்கணக்கு, அரங்குக் கணக்கு என்று புள்ளிவிவரங்களில் இவ்வளவு பிடிவாதம் ஏன்?

சிவாஜி ரசிகரிடம் ஒரு படத்தின் பெயரைச் சொன்னால், வெளியான தேதி, எந்த ஊரில் எந்த அரங்கில் எத்தனை நாள், எத்தனை காட்சி தொடர்ந்து ஹவுஸ்ஃபுல் என்று ஒப்பிப்பார். இது எம்.ஜி.ஆர். ரசிகர்களோடு கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த போட்டியின் மிச்சம். தினசரிகளில் வரும் விளம்பரத்தைக் கத்தரித்து ஒட்டிவைப்பது அந்தக் காலத்தில் வாதத்துக்கான சான்று சேகரிப்பு. இன்று அந்த ஒட்டுப்புத்தகங்கள் தமிழ்த் திரை வரலாற்றுக்கு மூல ஆவணங்களாக மாறியிருப்பது, அவற்றை ஒட்டியவர்களே எதிர்பாராத பயன்.

இந்தக் கணக்கு வெறும் வீம்பு இல்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1964 நவம்பர் 3, தீபாவளி நாளில் சிவாஜியின் இரண்டு படங்கள் ஒன்றாக வந்தன: ஏ.பி. நாகராஜனின் ‘நவராத்திரி’, பந்துலுவின் ‘முரடன் முத்து’. இவற்றுள் எதை நூறாவது படமாகக் கொள்வது என்ற கேள்வி எழுந்தது. அவர் ஒன்பது வேடங்களில் நடித்த ‘நவராத்திரி’க்கு அந்தப் பெருமை சென்றது. ‘கட்டபொம்மன்’, ‘கர்ணன்’, ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று அவரை வைத்து வரிசையாகப் பெரிய படங்களை எடுத்த பந்துலுவுக்கு அது மனவருத்தத்தைத் தந்தது. அவர் எம்.ஜி.ஆர். பக்கம் சென்றார், 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது. ஒரு எண்ணின் மேல் எழுந்த கசப்பு தமிழ்த் திரையின் போக்கையே சற்றுத் திருப்பியது என்றால், ரசிகர் எண்களை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் என்ன வியப்பு?

ஒரே நாளில் இரண்டு படம் என்பது அதோடு நிற்கவில்லை. 1967 தீபாவளிக்கு ‘ஊட்டி வரை உறவு’, ‘இரு மலர்கள்’. 1970 தீபாவளிக்கு ‘சொர்க்கம்’, ‘எங்கிருந்தோ வந்தாள்’. தன் படத்துக்குத் தன் படமே போட்டி என்று ரசிகர்கள் மார்தட்டிக்கொள்வது இவற்றை வைத்துத்தான்.

அவர் நடிப்பு மிகையானது என்கிறார்களே, ரசிகர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குக் கோபப்படும் ரசிகர்களும் உண்டு, கோபப்படத் தேவையில்லை. அவர் பயின்ற இடத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். சிறுவனாக இருந்தபோதே வீட்டைவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்து, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையிடம் பாடம் கேட்டு, பெண் வேடத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறியவர் அவர். ஒலிபெருக்கியை நம்ப முடியாத மேடையில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், முகத்தின் உணர்ச்சி எட்ட வேண்டும். அண்ணாவின் நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக அவர் நடித்ததைக் கண்டு பெரியார் ‘சிவாஜி’ என்று அழைத்ததும், அந்தப் பெயரே நிலைத்ததும் அந்த மேடையின் விளைவே. கட்டபொம்மனையும் கர்ணனையும் பேச்சுவழக்கில் முணுமுணுக்கும் ஆளாக நடித்திருந்தால் அந்தப் படங்களே நின்றிருக்காது. மன்னன் வேடத்துக்குத் தெருக்கூத்தும் நாடகமும் வகுத்துவைத்த நடையை அவர் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்தார்.

மீதி விடை, அவர் அடக்கி நடித்த படங்களில் இருக்கிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் உண்மையில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிக்கல் சண்முகசுந்தரமாக வந்த சிவாஜி, கன்னம் உப்புவதையும், விரல் துளைகளின்மேல் ஓடுவதையும், மூச்சு முடிந்து அடுத்த மூச்சு எடுக்கும் இடைவெளியையும் வித்வான்களே குறைசொல்ல முடியாதபடி செய்தார். வித்துவச் செருக்கும், காதலியின்மேல் வரும் சந்தேகமும் அந்த வாசிப்பின் ஊடாகவே தெரியும், வசனம் தேவைப்படாது. பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’யில் (1985) இளவட்டக்கல்லைத் தூக்கும் காட்சியில், முதுமையின் தயக்கமும் ஒரு கணம் திரும்பிவந்த இளமையும் ஒரே உடம்பில் மாறிமாறி வருகின்றன. ‘தேவர் மகன்’ (1992) படத்தில் அவர் வரும் நேரம் கொஞ்சம்தான். ஆனால் அவர் இறந்தபின்பும் அந்த வீட்டில் அவர் இருக்கிறார்.

இவ்வளவும் சொன்னபின் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும், அவர் வயதுக்கு ஒவ்வாத காதல் காட்சிகளும், கண்ணீருக்காகவே எழுதப்பட்ட நீண்ட வசனங்களும் நிறைந்த படங்கள் பல வந்தன. அவற்றில் நடிப்பு மிகைதான். கதையில் இல்லாத கனத்தைத் தன் ஒருவர் உழைப்பால் ஏற்ற அவர் முயன்றதன் விளைவு அது. அந்தப் படங்களையும் ‘கர்ணன்’ வரிசையில் வைத்துப் புகழும் ரசிகர், தன்னை அறியாமலேயே நல்ல படங்களின் மதிப்பைக் குறைக்கிறார்.

அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைக்கவே இல்லையா?

கிடைக்கவில்லை. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது பெற்றார். பத்மஸ்ரீ 1966-இலும், பத்மபூஷண் 1984-இலும் வந்தன. பிரெஞ்சு அரசின் செவாலியே விருது 1995-இல் கிடைத்தது. தியாகராய நகரில் அவர் வீடான ‘அன்னை இல்லம்’ இருக்கும் சாலை இன்று செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்றே வழங்குகிறது. 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் அவருக்கு அளிக்கப்பட்டது. ‘தேவர் மகன்’ படத்துக்காகத் தேசிய விருதுக் குழு சிறப்பு விருது அறிவித்தபோது அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நாற்பதாண்டு கழித்துத் துணை வேடத்துக்கு ஒரு சிறப்பு விருது என்பதை ரசிகர்களும் கௌரவமாகக் கருதவில்லை.

மெரினாவில் இருந்த சிலை என்ன ஆயிற்று?

அவரது ஐந்தாம் நினைவு நாளான 2006 ஜூலை 21 அன்று, காமராஜர் சாலையும் ராதாகிருஷ்ணன் சாலையும் சந்திக்கும் இடத்தில் அச்சிலையை முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். போக்குவரத்துக்கு இடையூறு என்று தொடரப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, 2017 ஆகஸ்ட் தொடக்கத்தில் இரவோடு இரவாக அது அகற்றப்பட்டு, அடையாறில் கட்டப்பட்டுவந்த மணிமண்டபத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அந்த மண்டபம் அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது.

கடற்கரையில், தான் போற்றிய காமராஜரின் பெயர் தாங்கிய சாலையில் நின்ற சிலையை மண்டபத்துக்குள் வைத்ததை மூத்த ரசிகர்கள் பலர் இன்னும் ஏற்கவில்லை. திருச்சியில் நடந்தது இன்னும் வேடிக்கையானது. பாலக்கரையில் நிறுவப்பட்ட சிலை திறப்பு விழா காணாமலேயே பல ஆண்டுகள் துணி போர்த்தி நின்றது. வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பிறகு 2025-இல்தான் முகம் காட்டியது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறில் தாமே நிலம் வாங்கிச் சிலை எழுப்பியவர் சிவாஜி. அவருக்கான சிலைகளுக்கு இந்தப் பாடு.

எம்.ஜி.ஆர். ரசிகர்களுடனான பகை இன்னும் தொடர்கிறதா?

பகை போய்விட்டது, கணக்குவழக்கு மிஞ்சியிருக்கிறது. இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம் ‘கூண்டுக்கிளி’ (1954) என்பதை இரு தரப்பும் ஒருவித ஏக்கத்தோடுதான் சொல்கின்றன. பழைய படங்களுக்கு அரங்கு கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில், எம்.ஜி.ஆர். படம் மறுவெளியீடாக வந்தால் அதைப் பார்க்கச் செல்லும் சிவாஜி ரசிகர்களும் இருக்கிறார்கள்.

அரசியலில் அவர் தோற்றதை ரசிகர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

திராவிட இயக்க மேடையில் வளர்ந்து, திருப்பதி சென்றதற்காக ஏளனம் செய்யப்பட்டு வெளியேறி, காமராஜரின் தொண்டராகக் காங்கிரஸில் நெடுங்காலம் உழைத்து, 1982-இல் மாநிலங்களவை உறுப்பினராகி, பின்பு 1988-இல் தமிழக முன்னேற்ற முன்னணி என்ற சொந்தக் கட்சியைத் தொடங்கியவர் அவர். 1989 தேர்தலில் திருவையாறு தொகுதியில் தோற்றார். தேர்தலுக்குத் தேவையான சூழ்ச்சி அவருக்குத் தெரியாது என்று ரசிகர்கள் சொல்வார்கள். கட்சி நடத்தும் திறமை அவருக்கு இல்லை என்று சொன்னாலும் அது பிழையாகாது. அந்தத் தோல்வியின் நற்பயன் ஒன்று உண்டு: இன்று அவரை நினைவுகூருவோர் எந்தக் கட்சிக்கும் வாக்குச் சேர்க்க வேண்டியதில்லை.

இலங்கையிலும் அவருக்கு ரசிகர்கள் உண்டா?

உண்டு. இந்திய–இலங்கைக் கூட்டுத் தயாரிப்பாக 1978-இல் வந்த ‘பைலட் பிரேம்நாத்’ படத்தில் சிங்களத் திரையின் புகழ்பெற்ற நடிகை மாலினி பொன்சேகா அவருடன் நடித்தார். அந்தப் படத்தைத் தமிழகத்து ரசிகரைவிட இலங்கை ரசிகரே அதிகமாக நினைவில் வைத்திருக்கிறார்.

இதுவரை அவர் படம் பார்த்திராத ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம்?

‘பராசக்தி’யிலிருந்து வரிசையாகப் பார் என்று மூத்தவர்கள் சொல்வார்கள், அந்த வழியில் போனவர்கள் பாதியில் நின்றுவிடுவதே அதிகம். ‘முதல் மரியாதை’யில் தொடங்கலாம், ஏனெனில் அதன் நடிப்பு இன்றைய கண்ணுக்கு அந்நியமாக இராது. அடுத்து ‘தில்லானா மோகனாம்பாள்’. அதன்பின் ‘வியட்நாம் வீடு’ (1970), ‘கௌரவம்’ (1973) இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஓய்வுபெற்ற ஒரு குடும்பத் தலைவரின் வறட்டு கௌரவத்தையும் ஒரு பாரிஸ்டரின் ஆணவத்தையும், நடை, குரல், உட்காரும் முறை எல்லாவற்றிலும் வேறுபடுத்தி அவர் காட்டியிருப்பது புலப்படும். ‘தெய்வ மகன்’ (1969) படத்தில் தந்தையும் இரு மகன்களுமாக மூவரும் ஒரே காட்சியில் நிற்கும்போது, நிற்பது ஒரே ஆள் என்பதை மறக்கிறோமா இல்லையா என்று பார்க்கலாம். ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படம் அது. ‘கர்ணன்’ மட்டும் கைப்பேசியில் வேண்டாம். அரங்குக்கு வரும்வரை காத்திருப்பது நல்லது.

வீட்டில் பழைய பாட்டுப்புத்தகம், மன்ற மலர், ஒட்டுப்புத்தகம் இருக்கிறது. என்ன செய்வது?

இதுவே இப்போது அவசரமான கேள்வி. மூத்த ரசிகர் மறைந்ததும் பரணில் இருக்கும் கட்டு பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விடுகிறது. அண்ணா சாலையில் சிவாஜி குடும்பத்தின் சாந்தி திரையரங்கு 2016-இல் மூடப்பட்டுவிட்டது. ‘பாவமன்னிப்பு’ (1961) வெளியீட்டின்போது அதன் மேலே பறக்கவிட்ட ராட்சத பலூன் போன்றவற்றுக்கெல்லாம் இனி இந்தத் தாள்களே சாட்சி.

முதலில், ஒவ்வொரு தாளும் எந்த இதழில் எப்போது வந்தது என்பது நினைவில் இருந்தால் அதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன் வைக்க வேண்டும். தேதி இல்லாத விளம்பரத்துக்குப் பாதி மதிப்புதான். கிழிந்ததை செல்லோடேப் கொண்டு ஒட்டக் கூடாது, லேமினேட் செய்யவும் கூடாது. இரண்டும் சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கி அழித்துவிடும். ஸ்கேன் செய்யும்போது ஒட்டுப்புத்தகத்தைப் பிரிக்காமல் பக்கம் பக்கமாக எடுக்க வேண்டும், ஏனெனில் எதன் பக்கத்தில் எதை ஒட்டினார் என்பதும் ஒரு செய்தி. தொடர்ந்து வைத்துக் காக்க வீட்டில் ஆள் இல்லையென்றால், பாட்டுப்புத்தகங்களையும் நாடக, சினிமா நோட்டீசுகளையும் முறையாகச் சேகரித்துவரும் சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களை அணுகிக் கேட்கலாம். கொடுப்பதற்கு முன் சேகரித்தவரின் பெயர், ஊர், மன்றத்தின் பெயர், மன்றம் தொடங்கிய ஆண்டு ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது.